மார்ச் வெயிலுக்கு முன்னால் முற்ற வேண்டும்: சூடான சமவெளிக்குப் பார்லி ரகம் தேர்ந்தெடுப்பது எப்படி?

காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்கும் பார்லி அரிசி நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அது குளிர் தேசத்துப் பயிர் என்றுதான் பலரும் நினைத்திருக்கிறோம். ஆனால் இந்தியாவின் பார்லியில் பெரும்பகுதி ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும்தான் விளைகிறது. குறிப்பாக ஜெய்ப்பூர், சீகர் பக்கம் மணல் கலந்த மண்ணிலும் லேசாக உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீரிலும் வருகிற பயிர் இது. கோதுமைக்கு ஐந்தாறு தண்ணீர் கட்ட வேண்டிய இடத்தில் பார்லி இரண்டு மூன்று தண்ணீரில் விளைந்துவிடும். நிலத்தடி நீர் வருடா வருடம் கீழே போய்க்கொண்டிருக்கும் ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை.

வேளாண்மை படித்துவிட்டுக் களப்பணிக்காக இந்தப் பக்கம் வரும் நம் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த ரகம் அதிகம் விளையும்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "எந்தத் தேதியில் விதைப்பீர்கள்?" சூடான பகுதியில் பார்லியின் விளைச்சலை ரகத்தின் பெயரை விட அந்தத் தேதிதான் முதலில் தீர்மானிக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதல் வேலை: நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுவது

பார்லிக் கதிரில் மகரந்தச் சேர்க்கை நடந்து, பால் பிடித்து, மணி இறுகி முற்ற ஏறக்குறைய 30 முதல் 40 நாள் ஆகும். அந்த நாட்களில் பகல் 20 டிகிரியை ஒட்டி இருந்தால் மணி நிதானமாகத் திரளும். 30 டிகிரியைத் தாண்டினால் பயிர் அவசரப்பட்டு முற்றும். மாவுச்சத்து உள்ளே போய்ச் சேர நேரம் கிடைக்காது. கதிர் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கையில் கசக்கினால் மணி ஒல்லியாக, உமி தளர்ந்து கிடக்கும்.

ராஜஸ்தானின் வடக்குச் சமவெளியில் மார்ச் பாதிக்கு மேல் வெயில் ஏறிவிடுகிறது. 2022 மார்ச்சை மறக்க முடியாது. 1901 முதல் உள்ள வானிலைப் பதிவுகளிலேயே நாட்டின் சராசரிப் பகல் வெப்பம் மிக அதிகமாக இருந்த மார்ச் அதுதான்: 33.1 டிகிரி. வடக்கே கோதுமை மணிகள் சுருங்கியதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். பார்லி கோதுமையை விடக் கொஞ்சம் முன்னதாக முற்றுவதால், நேரத்தோடு விதைத்தவர்கள் ஓரளவு தப்பினார்கள்.

அப்படியானால் சீக்கிரம் கதிர் விடும் ரகமாகப் பார்த்து, அக்டோபரிலேயே விதைத்துவிடலாமே என்று தோன்றும். அங்கே வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. சீகர், சூரு பக்கம் ஜனவரி இரவுகளில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போவதுண்டு. இங்குள்ளவர்கள் 'பாலா' என்று சொல்லும் உறைபனி அது. கதிர் வெளியே வரும் சமயத்தில் பாலா விழுந்தால் பூக்கள் கருகி, கதிரின் ஒரு பகுதி வெறும் பதராக நின்றுவிடும்.

ஆக, பனி விலகிய பிறகு, வெயில் ஏறுவதற்கு முன்னால், பிப்ரவரி முதல் பாதியில் கதிர் வர வேண்டும். உங்கள் ஊரில் கடைசிப் பாலா வழக்கமாக எப்போது விழுகிறது, பகல் 30 டிகிரியை எப்போது தொடுகிறது என்று இரண்டு தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது தேதியிலிருந்து 35 நாள் பின்னால் போனால் கதிர் வர வேண்டிய நாள் கிடைக்கும். அது முதல் தேதிக்குப் பிறகு விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து அந்த ரகம் கதிர் விட எடுக்கும் நாட்களைக் கழித்தால் விதைப்புத் தேதி. மார்ச் 15-இல் வெயில் ஏறும் ஊரில் பிப்ரவரி 8-ஐ ஒட்டிக் கதிர் வர வேண்டும். 85 நாளில் கதிர் விடும் ரகமென்றால் நவம்பர் 15-ஐ ஒட்டி விதைக்க வேண்டும். நவம்பர் 10 முதல் 25 வரை நல்ல விதைப்புக் காலம் என்று இந்தச் சமவெளியில் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

கதிர் வந்த நாளை எப்படிக் குறிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பார்லி பெரும்பாலும் கதிர் இலை உறைக்குள் இருக்கும்போதே, அல்லது கதிர் தலை நீட்டும் சமயத்திலேயே தன் மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்ளும். கதிர் முழுசாக வெளியே வரட்டும் என்று காத்திருந்தால் சில நாள் தவறிவிடும். மேல் இலையின் உறை வாயில் பச்சை மீசை நுனிகள் விரல் நகம் அளவுக்கு எட்டிப் பார்க்கும். பாதிச் செடிகளில் அது தெரிந்த நாளை நோட்டில் எழுதுங்கள். இரண்டு மூன்று வருடம் எழுதினால் எந்த விதைக் கடைக்காரரும் சொல்ல முடியாத தகவல் உங்கள் கையில் இருக்கும்.

இதோடு சேர்ந்த ஓர் எச்சரிக்கை. பார்லியில் குளிர்கால வகை, வசந்த வகை என்று இரண்டு உண்டு. குளிர்கால வகைக்குச் சில வாரங்கள் கடுங்குளிர் பட்டால்தான் கதிர் விடும் எண்ணமே வரும். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த பொட்டலத்தை விதைத்து, மார்ச் வரைக்கும் வெறும் புல்லாக நின்ற பாத்தியை நான் பார்த்திருக்கிறேன். ஐரோப்பிய வசந்த வகைகளிலும் பல, நீண்ட பகலை எதிர்பார்த்து வளர்ந்தவை. நம் குளிர்காலத்தின் குறுகிய பகலில் அவை தாமதித்துக் கதிர் விட்டு, நேராக வெயிலில் போய் மாட்டிக்கொள்ளும். வெளிநாட்டில் எக்டருக்கு 80 குவிண்டால் விளைந்தது என்ற பேச்சை நம்பி விதை வாங்க வேண்டாம்.

தமிழ்நாட்டுச் சமவெளியில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். நம் மார்கழி இரவுகூடப் பார்லி நன்றாகத் தூர் கட்ட, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விட, போதாது. நீலகிரி கதை வேறு. அங்கே படகர்கள் பார்லி விளைவித்திருக்கிறார்கள். வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல நிலையமும் இருக்கிறது. மலையில் நிலம் உள்ளவர்கள் அங்கே போய்க் கேட்கலாம்.

இரண்டாவது: கதிரைக் கையில் எடுத்துப் பார்ப்பது

அறுவடைக்கு முன் ஏதாவது வயலுக்குப் போய் இரண்டு கதிர்களைப் பறித்து வாருங்கள். ஒன்று தட்டையாக, வலப்பக்கம் ஒன்று இடப்பக்கம் ஒன்று என்று இரண்டே வரிசையில் மணி வைத்திருக்கும். இன்னொன்று உருண்டையாக, சுற்றிலும் ஆறு வரிசையாக இருக்கும். கதிரின் நடுத்தண்டில் ஒவ்வொரு கணுவிலும் மூன்று பூக்கள் உட்கார்ந்திருக்கின்றன. இருவரிசை ரகத்தில் நடுப்பூ மட்டும் மணியாகிறது. மற்ற இரண்டும் மலடாகச் சருகுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆறுவரிசையில் மூன்றுமே மணியாகும். ஆறுவரிசைக் கதிரை உதிர்த்துப் பார்த்தால் பக்கவாட்டு மணிகள் லேசாக முறுக்கிக்கொண்டிருப்பது தெரியும். இடம் போதாமல் நெருக்கியடித்து வளர்ந்த அடையாளம் அது.

ஆறில் மணி அதிகம், அதனால் விளைச்சலும் அதிகம் என்று சட்டென முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஆறுவரிசைக்கு 300 கதிர், கதிருக்கு 45 மணி, மணி ஒன்று 36 மில்லிகிராம் என்றால் 486 கிராம். இருவரிசைக்கு 450 கதிர், கதிருக்கு 24 மணி, மணி ஒன்று 45 மில்லிகிராம் என்றாலும் அதே 486 கிராம். எக்டருக்கு 48 குவிண்டாலுக்குக் கொஞ்சம் மேலே. இருவரிசை தன் குறையைத் தூரிலும் மணி எடையிலும் ஈடுகட்டுகிறது.

ஆனால் 450 கதிர் கிடைக்க வேண்டுமென்றால் செடி நன்றாகத் தூர் கட்ட வேண்டும். அதற்குக் குளிர்ந்த நாட்கள் நிறைய வேண்டும். தாமதமாக விதைத்தாலோ, டிசம்பர் சூடாக இருந்தாலோ தூர் குறைந்து இருவரிசையின் கணக்கு முதலில் சரியும். அதனால் மாட்டுத் தீவனத்துக்கோ வீட்டு மாவுக்கோ போடுகிறவர்களுக்கு ஆறுவரிசையே பத்திரம் என்பது என் கருத்து.

வெயில் என்ன செய்கிறது என்பதையும் இதே கணக்கில் பார்க்கலாம். அதே 300 கதிர், அதே 45 மணி. மணி எடை மட்டும் 36-இலிருந்து 28 மில்லிகிராமாக இறங்கினால் 486 கிராம் 378 ஆகிவிடும். எக்டருக்குக் கிட்டத்தட்ட 11 குவிண்டால் காணாமல் போகிறது. பயிரில் ஒரு செடிகூடச் சாகவில்லை, ஒரு கதிர்கூடக் குறையவில்லை!

மூன்றாவது: யார் வாங்கப் போகிறார்கள்?

மால்ட் ஆலைக்கு, அதாவது பார்லியை முளைகட்டி உலர்த்தும் ஆலைக்கு, விற்பதாக இருந்தால் இருவரிசைதான் பேச்சு. மணி பருமனாகவும் ஒரே அளவாகவும் வேண்டும். 2.5 மில்லிமீட்டர் சல்லடையில் பெரும்பகுதி மேலே நிற்க வேண்டும். புரதம் 9 முதல் 11.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உமி உரியாமல், நன்றாக முளைக்கும் திறனோடு இருக்க வேண்டும். வெயில் இங்கே இரட்டை நஷ்டம் கொடுக்கும். மாவுச்சத்து சேராமல் மணி ஒல்லியாகும்போது புரதத்தின் விகிதம் தானாக ஏறிவிடும். எடையும் குறையும், தரமும் போகும்.

நான் இங்கே வந்த முதல் வருடம் ஒரு விவசாயியின் நிலத்தில் இப்படி நடந்தது. முந்தைய பயிர் எடுக்கத் தாமதமாகி விதைப்பு டிசம்பர் 12 ஆகிவிட்டது. நேரத்து விதைப்புக்கான இருவரிசை ரகத்தையே நான் கொடுத்தேன். ஏப்ரலில் வண்டி நிறைய ஏற்றிப் போன மூட்டைகளைச் சல்லடைச் சோதனைக்குப் பிறகு அப்படியே திருப்பி அனுப்பினார்கள். தீவன விலைக்குத்தான் விற்க முடிந்தது. அந்த விவசாயி, நான் காகா என்று கூப்பிடும் பெரியவர், என்னைத் திட்டவில்லை. ஒரு கை மணியை அள்ளி என் உள்ளங்கையில் கொட்டி, "இதில் மாவு எங்கே, பேட்டா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து விதைப்புத் தேதி தெரியாமல் நான் யாருக்கும் ரகம் சொல்வதில்லை.

தாமத விதைப்புக்கென்றே மால்ட் ரகங்கள் இருக்கின்றன: டி.டபிள்யூ.ஆர்.பி. 73, டி.டபிள்யூ.ஆர்.பி. 91. நேரத்து விதைப்புக்கு 2007-இல் வெளியான டி.டபிள்யூ.ஆர்.யு.பி. 52, அதற்குப் பின் வந்த டி.டபிள்யூ.ஆர்.பி. 92, 101, 123, ஆர்.டி. 2849 எல்லாம் உண்டு. தீவனத்துக்கான ஆறுவரிசையில் பி.எச். 902, பி.எச். 946 இரண்டும் வடமேற்குச் சமவெளியில் பாசன வசதியோடு நேரத்தில் விதைப்பதற்கானவை. ஆலை ஒப்பந்தம் இருந்தால் அவர்கள் எந்த ரகத்தை ஏற்றுக்கொள்வார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் விதை தேடலாம்.

பெயரில் உள்ள எழுத்துகள் பிறந்த ஊரைச் சொல்லும். ஆர்.டி. என்றால் ஜெய்ப்பூரை ஒட்டிய துர்காபுரா, பி.எச். என்றால் ஹிசார், பி.எல். என்றால் லூதியானா, கே. என்றால் கான்பூர், டி.டபிள்யூ.ஆர்.பி. என்றால் கர்னால். உங்கள் நிலத்தைப் போன்ற மண்ணும் வெயிலும் உள்ள ஊரில் உருவான ரகத்திலிருந்து தேடத் தொடங்குவது நல்ல பழக்கம்.

நான்காவது: மண்ணையும் தண்ணீரையும் கேட்பது

உப்பைத் தாங்குவதில் தானியங்களுக்குள் பார்லி முன்வரிசையில் நிற்கும். மண்ணின் உப்பைக் காட்டும் அளவான மண் சாற்றின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 6 டெசிசீமென்ஸ் தாண்டினால் கோதுமை விளைச்சல் குறையத் தொடங்கும். பார்லி 8 வரை தாங்கும். ஆனால் முளைக்கும் நாட்களில் பார்லிக்கும் அந்தத் தெம்பு இல்லை. விதைப்புக்கு முந்தைய தண்ணீரை மட்டுமாவது நல்ல தண்ணீராகக் கட்ட முடிந்தால் கட்டுங்கள். உவரும் களரும் உள்ள நிலத்துக்கென்றே ஆர்.டி. 2794, ஆர்.டி. 2907, என்.டி.பி. 1173 போன்ற ரகங்கள் உள்ளன. தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து அருகிலுள்ள வேளாண் அறிவியல் மையத்தில் கொடுத்துப் பாருங்கள். சோதனைச் செலவு ஒரு மூட்டை விதை விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

மணல் நிலத்தில் இன்னொன்றையும் தேட வேண்டும். ஜனவரியில் வயலின் நடுவே திட்டுத் திட்டாகப் பயிர் மஞ்சளித்துக் குட்டையாக நிற்கும். உரம் போதவில்லை என்று யூரியாவைக் கொட்டுவார்கள், தேறாது. மண்வெட்டியால் செடியை மண்ணோடு தோண்டி, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். வேர் நேராக இறங்காமல், புதர் மாதிரிக் கிளைத்து, அங்கங்கே முடிச்சிட்டிருக்கும். பிப்ரவரியில் பார்த்தால் வேரில் குண்டூசித் தலை அளவு வெள்ளை முத்துகள் ஒட்டியிருக்கும். இது 'மோல்யா' நோய். நூற்புழுவின் வேலை. அந்த முத்து ஒவ்வொன்றும் முட்டைகள் நிறைந்த பெண் புழு. காய்ந்து பழுப்பாகி மண்ணில் உதிர்ந்து, வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இப்படிப்பட்ட நிலத்தில் மற்ற எல்லா யோசனையையும் ஒதுக்கிவிட்டு ஆர்.டி. 2052, ஆர்.டி. 2035 போன்ற எதிர்ப்புள்ள ரகத்துக்குப் போவதே சரி. ஒன்றிரண்டு பருவம் கடுகோ கொண்டைக்கடலையோ போட்டால் புழுவும் குறையும்.

நோய்களில், வடமேற்கில் மஞ்சள் துருவைப் பாருங்கள். இலையைத் தடவினால் விரலில் மஞ்சள் தூள் ஒட்டும். துருக் காளான் புதுப்புது இனமாக மாறிக்கொண்டே இருப்பதால், பத்து வருடத்துக்கு முன் எதிர்த்து நின்ற ரகம் இன்றும் நிற்கும் என்று சொல்ல முடியாது. பழைய ரகத்தைப் பாசத்தோடு வைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். கிழக்கே வாரணாசி, பீகார் பக்கம் சூட்டோடு ஈரமும் சேர்வதால் இலைப்புள்ளிக் கருகல்தான் பெரிய தொல்லை. அங்கே பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் எச்.யு.பி. 113 மாதிரி கிழக்குச் சமவெளிக்கு வந்த ரகங்களைத் தேடுங்கள். பிப்ரவரியில் வெயில் முன்னதாக ஏறினால் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி பெருகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுக்குப் பசுந்தீவனமும் வேண்டும், மணியும் வேண்டும் என்றால் ஆர்.டி. 2035, ஆர்.டி. 2552, ஆர்.டி. 2715 போன்றவற்றை 50, 55 நாளில் ஒரு முறை அறுத்து, மறுபடி தழைக்க விட்டுக் கதிர் எடுக்கலாம். ஒரு முறை அறுத்தால் கதிர் வருவது தள்ளிப் போகும். எனவே அக்டோபர் கடைசியிலேயே விதைத்தாக வேண்டும்.

ஐந்தாவது: விதை வாங்குவதும் சோதிப்பதும்

சான்று விதை மூட்டையில் நீல அட்டை தைத்திருக்கும். அட்டையில் ரகப் பெயர், சோதித்த தேதி, முளைப்புத்திறன் மூன்றையும் படியுங்கள். பார்லிக்கு 85 சதவீத முளைப்பு குறைந்தபட்ச அளவு.

அட்டையோடு நிறுத்த வேண்டாம். மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் கை விட்டு எடுத்த விதைகளில் நூறை எண்ணி, நனைத்த சாக்குத் துணியில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி, நிழலில் ஈரம் காயாமல் வையுங்கள். ஏழாம் நாள் பிரித்து எண்ணுங்கள். வேரும் முளையும் இரண்டும் வந்ததை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விதையளவு எக்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ. டிசம்பரில் விதைத்தால் தூர் குறையும் என்பதால் 125 கிலோ வரை போகலாம். வரிசை இடைவெளி ஆறுவரிசைக்கு 23 சென்டிமீட்டர், மால்ட் இருவரிசைக்கு 18. இங்கே எல்லோரும் பீகா என்ற நில அளவில்தான் கணக்குச் சொல்வார்கள். பீகா ஊருக்கு ஊர் மாறும். அளந்து பார்த்துவிட்டுத்தான் விதையை எடை போட வேண்டும்.

ஆறாவது: மூன்று ரகம், ஒரே வயல்

முதல் வருடமே முழு நிலத்தையும் ஒரே ரகத்துக்குக் கொடுக்காதீர்கள். தேர்ந்தெடுத்த மூன்று ரகங்களை ஒரே நாளில், விதைப்புக் கருவியின் அகலத்துக்கு நீண்ட பட்டைகளாக விதையுங்கள். ஒவ்வொன்றும் மூன்று பட்டை. வரிசையை மாற்றி மாற்றிப் போடுங்கள், ஒரே ரகம் கிணற்றடியிலேயே விழுந்துவிடக் கூடாது. உரமும் தண்ணீரும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி.

மீசை எட்டிப் பார்த்த நாள், சாய்ந்த பயிர், நோய், முற்றிய நாள் எல்லாவற்றையும் எழுதுங்கள். அறுவடையில் ஒவ்வொரு பட்டையிலும் மூன்று இடத்தில் ஒரு சதுர மீட்டர் சட்டம் வைத்து அறுத்து, தனியாக அடித்து, காயவைத்து நிறுங்கள். மூன்று இடத்தின் சராசரி கிராமைப் பத்தால் பெருக்கினால் எக்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். ஆயிரம் மணியையும் எண்ணி நிறுத்துப் பாருங்கள். நிறைய விளைந்து, ஆயிரம் மணி எடையும் சரியாமல் நின்ற ரகமே உங்கள் வெயிலைத் தாங்கும் ரகம். ஒரே வருடத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். சூடான மார்ச் ஒன்று, குளிர்ந்த மார்ச் ஒன்று, இரண்டையும் பார்த்தால் நல்லது.

ஹோலி சமயத்தில் இந்தப் பட்டைகளில் நடந்து பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஹோலி நெருப்பில் வாட்டுவதற்காக ஊரே பார்லிக் கதிரும் கோதுமைக் கதிரும் பறிக்க வரும் நேரம் அது. வாட்டிய கதிரைக் கையில் கசக்கி உமியை ஊதிவிட்டு வாயில் போட்டால் எந்த ரகத்தில் மாவு ஏறியிருக்கிறது என்பது பல்லுக்கே தெரிந்துவிடும்.

தேர்ந்த ரகத்தை மறுபடி மறுபடி கடையில் வாங்க வேண்டியதில்லை. பார்லி தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் மூன்று வருடம் வரை சொந்த விதையையே வைத்துக்கொள்ளலாம். ஒரே கவலை, மணிக்கு உள்ளேயே ஒளிந்து வரும் கரிப்பூட்டை நோய். கதிருக்குப் பதில் கறுப்புத் தூள் தெரியும் செடிகளைப் பிப்ரவரியிலேயே காகிதப் பையால் மூடிப் பிடுங்கி எரித்துவிடுங்கள். மே கடைசியில் நல்ல வெயில் நாளாகப் பார்த்து, விதையைக் காலை எட்டு மணிக்குத் தண்ணீரில் ஊறப் போட்டு, பன்னிரண்டு மணிக்கு வடித்து, மொட்டைமாடித் தரையில் மெல்லிய படலமாகப் பரப்பிவிடுங்கள். ஊறலில் விழித்துக்கொண்ட பூஞ்சணம் அந்தச் சூட்டில் செத்துப் போகும், விதைக்குள் உயிர் இருக்கும். சாயங்காலம் அள்ளும்போது ஒரு மணியைக் கடித்துப் பாருங்கள். டக்கென்று உடைந்தால் மூட்டை கட்டலாம், நசுங்கினால் மறுநாளும் காயட்டும்.